வாசகர் கேள்வி – பதில்: பயங்கரவாதத்துக்கு ஒரு நாடு என்ன பதில் சொல்ல வேண்டும்?

2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதையும் அதற்குப் பின் நடந்தவற்றையும் பற்றி வாசகர்கள் இன்னமும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர்ப் பக்கமிருந்து வந்த கடிதங்களே மிகுதி. பல கடிதங்களில் குடும்பச் சண்டையும் கலந்திருப்பதால் ஊர்ப்பெயரை மட்டும் தந்து, ஏழு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் தோட்டத்து வீட்டில் மகளுக்குச் சீர் நடந்தபோது, பந்தியில் பஹல்காம் பேச்சு வந்தது. அத்தனை சுற்றுலாப் பயணிகள் கூடுகிற புல்வெளியில் பாதுகாப்பு ஏன் இல்லை என்று கல்லூரியில் படிக்கும் என் மகன் கேட்டான். என் மச்சான், அவனுடைய தாய்மாமன், "நாடே அழும்போது துரோகி மாதிரிப் பேசுகிறாயா?" என்று பாதி இலையில் எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து இரு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. என் மகன் கேட்டது தவறா? (கோபிசெட்டிபாளையம்)

பதில்: கேட்டதில் தவறில்லை. ஆனால் உங்கள் மச்சானின் கோபத்துக்கும் ஒரு வேர் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இழவு வீட்டுக்குப் போன இடத்தில், "நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரே" என்று யாராவது சொன்னால், அது உண்மையாகவே இருந்தாலும் நமக்குச் சுருக்கென்று தைக்கிறது அல்லவா? அப்படித்தான் அவருக்கும் தைத்திருக்கும். கொன்றவனைத் திட்டுவதற்கு முன்பே காவலுக்கு நின்றிருக்க வேண்டியவரைக் குறை சொல்வதாக அவர் அதை எடுத்துக்கொண்டிருப்பார்.

இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்ட நாடுகளில் என்ன நடந்தது என்பதை அவர் நினைத்துப் பார்க்க வேண்டும். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று இலங்கையில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250 பேருக்கு மேல் இறந்தனர். தாக்குதல் வரப்போகிறது என்று இந்திய உளவுத்துறை முன்கூட்டியே எச்சரித்திருந்தும் அங்கே மேலிடத்தில் இருந்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. செத்தவர்களின் குடும்பங்கள் நீதிமன்றம் ஏறிக் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான், அப்போது குடியரசுத் தலைவராக இருந்த மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

நம் நாட்டிலும் 2008 நவம்பர் 26 அன்று தொடங்கிய மும்பைத் தாக்குதல் ஓய்ந்த மறுநாளே உள்துறை அமைச்சர் சிவராஜ் பாட்டீல் பதவி விலகினார். சில நாட்களில் மகாராஷ்டிர முதலமைச்சரும் விலகினார். கடல்வழியாகப் பத்துப் பேர் துப்பாக்கியோடு எப்படி வந்து இறங்கினார்கள் என்ற கேள்வியைக் கேட்டவர்களை அன்று யாரும் துரோகி என்று சொல்லவில்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் கடலோரக் காவல் வலுப்பட்டது, சென்னை உள்ளிட்ட நகரங்களில் தேசியப் பாதுகாப்புப் படையின் பிரிவுகள் வந்தன, தேசியப் புலனாய்வு முகமை பிறந்தது. உங்கள் மகனைத் தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். கேட்ட கேள்வியைத் திரும்பப் பெற வேண்டியதில்லை. கேட்ட நேரத்துக்காக வருந்துகிறேன் என்று சொன்னால் போதும். மடியில் உட்கார வைத்துக் காது குத்தியவர், மருமகனை வாசலில் நிறுத்திவிட மாட்டார்.

கேள்வி: 2008-இல் அரசு பொறுத்துப்போனது, 2016, 2019, 2025-இல் எல்லை தாண்டி அடித்தது. எங்கள் வகுப்பில் இதுவே தினமும் விவாதம். பொறுத்தது கோழைத்தனமா, அடித்தது அவசரமா? (பொள்ளாச்சி, கல்லூரி மாணவி)

பதில்: இரண்டு சொல்லுமே பொருந்தாது என்று நினைக்கிறேன். 2008-இல் 166 பேர் இறந்தனர். துக்காராம் ஓம்ப்ளே என்ற உதவி சார் ஆய்வாளர் துப்பாக்கிக் குழலைத் தன் நெஞ்சோடு பிடித்து நிறுத்தியதால், சுட வந்த பத்துப் பேரில் ஒருவனான கசாப் உயிரோடு சிக்கினான். அந்த ஒருவன் உயிரோடு இருந்ததால் வழக்கு நின்றது. திட்டத்தின் ஒரு பகுதி தங்கள் மண்ணில் தீட்டப்பட்டதுதான் என்று 2009 பிப்ரவரியில் பாகிஸ்தான் அரசே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. 2012 நவம்பரில் கசாப் தூக்கிலிடப்பட்டான். சதியில் தொடர்புடையவராகக் குற்றம் சாட்டப்பட்ட தஹாவூர் ராணா 2025 ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டார். இவையெல்லாம் பொறுமையின் வரவுகள். செலவுப் பக்கத்தையும் மறைக்கக்கூடாது: பாகிஸ்தானில் அந்த வழக்கு இன்றுவரை முடிவுக்கு வரவில்லை, திட்டம் தீட்டியவர்களில் பெரிய தலைகள் அதற்காகத் தண்டிக்கப்படவும் இல்லை. இதைப் பார்த்து வயிறு எரிந்தவர்கள்தான் 'அடித்தால்தான் புத்தி வரும்' என்கிறார்கள். அவர்களைப் போர்வெறியர்கள் என்று நான் ஒதுக்க மாட்டேன்.

அடித்ததன் கணக்கையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் 40 மத்திய ரிசர்வ் காவலர்கள் கொல்லப்பட்டனர். அவர்களில் இருவர் தமிழ்நாட்டுக்காரர்கள். பாகிஸ்தானின் பாலகோட் மீது நம் விமானங்கள் குண்டு வீசியதற்கு மறுநாள், பதற்றத்தில் நம் ஏவுகணையே நம் ஹெலிகாப்டரை பட்காம் அருகே வீழ்த்தி, அதில் இருந்த ஆறு விமானப்படையினரும் தரையில் இருந்த ஒருவரும் இறந்தனர். 2025 மே 7 அன்று பாகிஸ்தானிலும் அதன் வசமுள்ள காஷ்மீரிலும் ஒன்பது இடங்களை நம் படைகள் தாக்கின. மே 10 அன்று சண்டை நின்றது. இடைப்பட்ட நாட்களில் பாகிஸ்தான் பீரங்கிகள் பொழிந்ததில் பூஞ்ச் பகுதியில் குழந்தைகள் உட்படப் பொதுமக்கள் பலர் உயிரிழந்தனர். நாம் இங்கே வீட்டில் உட்கார்ந்து, போர் இன்னும் பத்து நாள் நடந்திருக்கலாம் என்று பேசும்போது பூஞ்சில் இருப்பவர்களும் நம் மக்கள்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

உங்கள் வகுப்பில் யாரும் அதிகம் பேசியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கிற ஒன்றையும் சொல்கிறேன். பஹல்காமில் சுட்ட மூவரும் ஜூலை 28 அன்று ஸ்ரீநகருக்கு அருகே உள்ள தாச்சிகாம் காட்டுப் பகுதியில் கொல்லப்பட்டதாக உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அவர்களிடம் கிடைத்த துப்பாக்கிகளைச் சண்டிகருக்கு அனுப்பி, புல்வெளியில் பொறுக்கிய தோட்டா உறைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, இவர்கள்தான் என்று உறுதி செய்துகொண்டதாகவும் சொன்னார். மூன்று மாதத்துக்கு மேல் மலையில் தேடி அலைந்தவர்களுக்கும், இரவோடு இரவாக உறைகளை ஒப்பிட்ட ஆய்வகத்தாருக்கும் ஊர்வலம் எடுக்க யாரும் வரவில்லை. 'இவன்தான் செய்தான்' என்று ஐயமின்றிச் சொல்ல முடிகிற இடத்துக்கு வந்து சேர்வதே பதிலடியின் பெரும்பகுதி என்பது என் உறுதியான கருத்து.

அந்த இடத்துக்கு வராமல் புறப்பட்டதற்கு அமெரிக்காவே சாட்சி. 2001 செப்டம்பர் 11-க்கு மூன்று நாள் கழித்து, படை நடத்த அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானத்தைப் பிரதிநிதிகள் அவையில் 420 பேர் ஆதரித்தனர்; பார்பரா லீ என்ற ஒரே உறுப்பினர் எதிர்த்தார், அதற்காகக் கொலை மிரட்டல்களைச் சந்தித்தார். ஆப்கானிஸ்தான் போர் இருபது ஆண்டு நீண்டு, 2021 ஆகஸ்டில் தாலிபான்களிடமே ஆட்சி திரும்பப் போய் முடிந்தது. அந்தத் தாக்குதலோடு தொடர்பே இல்லாத ஈராக் மீதும் 2003-இல் படையெடுத்து, இருப்பதாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் அங்கே இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டார்கள். நார்வேயில் 2011 ஜூலை 22 அன்று ஒரே மனிதன் 77 பேரைக் கொன்றபோது, அங்கே பிரதமராக இருந்த ஸ்டோல்டன்பர்க் இன்னும் கூடுதலான ஜனநாயகத்தையே பதிலாகத் தருவோம் என்றார். கொலைகாரனைச் சாதாரண நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டித்தார்கள். நார்வேக்குப் பகை அண்டை நாடு இல்லை, நமக்கு இருக்கிறது. எனவே அந்த வழியை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஆனால் 420 பேர் ஒரு பக்கம் நிற்கும்போது மறுபக்கம் நின்ற அந்த ஒரு பெண்ணை உங்கள் வகுப்பில் ஒருமுறை பேசிப் பாருங்கள்.

கேள்வி: பஹல்காமுக்குப் பிறகு பாகிஸ்தானுடனான சிந்து நதி ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது சரியான அடி என்று எங்கள் பாசன சபைக் கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினோம். வீட்டுக்கு வந்த பிறகு மனம் ஒப்பவில்லை. நாமும் அணைத் தண்ணீரை எதிர்பார்த்து நிற்பவர்கள்தானே? (கொடுமுடி, விவசாயி)

பதில்: உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. 1960-இல் கராச்சியில் நேருவும் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானும் கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தத்தின்படி ராவி, பியாஸ், சட்லஜ் நமக்கு. சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் அவர்களுக்கு. 1965, 1971, 1999 போர்களின்போதுகூட அது முறியவில்லை. எதிராளியைப் பேச்சுக்கு இழுக்க ஓர் அழுத்தமாக அதை நிறுத்திவைக்க ஓர் அரசுக்கு உரிமை உண்டா என்பது சட்ட வல்லுநர்கள் வாதிட வேண்டிய விஷயம்; அதில் நான் நுழையவில்லை.

தண்ணீரைப் பற்றி மட்டும் பேசுவோம். பவானிசாகரில் ஏறத்தாழ 32.8 டி.எம்.சி. தேக்க முடிவதால்தான் மதகை அடைப்பதும் திறப்பதும் நம் கையில் இருக்கிறது. செனாப்பில் நாம் கட்டியுள்ள சலால், பாக்லிஹார் போன்றவை ஓடுகிற நீரில் மின்சாரம் எடுப்பதற்கானவை. பருவ வெள்ளத்தைப் பிடித்து வைக்கும் கொள்ளளவு அவற்றுக்குக் கிடையாது. சில நாள் மதகை மூடலாம், சேற்றை அடித்துவிடலாம். நதியையே நிறுத்த வேண்டுமானால் பெரிய அணைகளும் கால்வாய்களும் பல ஆண்டுகளும் வேண்டும். 'ஒரு சொட்டுக்கூடப் போகாது' என்று மேடையில் சொல்வது வேறு, மதகடியில் நிற்பவருக்குத் தெரிவது வேறு.

அப்படியே நிறுத்தினாலும் காயப்போவது அங்கே நாற்று விட்டவனுடைய வயல். துப்பாக்கி கொடுத்து அனுப்பியவன் வாய்க்கால் பாசனத்தை நம்பி இருப்பவன் அல்லன். காலிங்கராயன் வாய்க்காலில் முறைத் தண்ணீர் வருமா என்று கரையில் காத்து நின்ற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மேற்கு வங்க முஸ்லிம் குடும்பம் ஒன்றுக்கு எங்கள் லைன் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். பஹல்காமுக்குப் பிறகு, காலி செய்யச் சொல்லுங்கள் என்று அக்கம்பக்கத்தார் நெருக்குகிறார்கள். என் மனைவியும் பயப்படுகிறாள். (திருப்பூர்)

பதில்: காலி செய்யச் சொல்லாதீர்கள். வாடகை ஒப்பந்தமும் ஆதார் நகலும் வாங்கி, காவல் நிலையத்தில் குடியிருப்போர் விவரம் கொடுத்துவிடுங்கள். எல்லாக் குடித்தனக்காரர்களுக்கும் செய்வதை இவர்களுக்கும் செய்யுங்கள், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். பஹல்காமில் கொல்லப்பட்ட 26 பேரில் ஒருவர், பயணிகளைக் காப்பாற்ற முயன்ற உள்ளூர் முஸ்லிம் குதிரைக்காரர். மணமாகி ஒரு வாரமே ஆன நிலையில் கணவரை அங்கே பறிகொடுத்த கடற்படை அதிகாரியின் மனைவி, தவறு செய்தவர்கள் தண்டிக்கப்பட வேண்டும், ஆனால் முஸ்லிம்கள் மீதும் காஷ்மீரிகள் மீதும் யாரும் பாயக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். அதற்காக அந்தப் பெண்ணையே ஏசினார்கள். தேசிய மகளிர் ஆணையம் அதைக் கண்டித்தது. யாருக்காகக் கோபப்படுவதாகச் சொல்கிறோமோ அவரையே ஏசுகிற கோபம் எங்கே போய் நிற்கும் என்பதைக் கோவையில் இருந்தவர்கள் கண்ணால் கண்டோம்.

1997 நவம்பர் 29 இரவு உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர்களைப் பிடித்துத் தண்டித்திருந்தால் அது ஒரு கொலை வழக்காக முடிந்திருக்கும். அடுத்த இரண்டு நாளில் நடந்த கலவரத்தில் அந்தக் கொலையோடு எந்தத் தொடர்பும் இல்லாத 18 முஸ்லிம்கள் இறந்தனர், கடைகள் எரிந்தன. அதற்குப் பழி என்று சொல்லி 1998 பிப்ரவரி 14 அன்று ஒரு கூட்டம் நகரெங்கும் குண்டு வைத்தது. கடைவீதிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்திருந்த அப்பாவிகள் உட்பட 58 பேர் இறந்தனர், 200 பேருக்கு மேல் காயமடைந்தனர். குண்டு வைத்தவர்களின் குற்றத்தை முன்னால் நடந்த எதுவும் ஒரு துளிகூடக் குறைக்காது. ஆனால் ஆள் மாறி விழுந்த ஒவ்வோர் அடியும் அடுத்த கொலைகாரனுக்கு ஒரு சாக்கைக் கையில் கொடுத்தது என்பதும் உண்மை.

அதன் பிறகு பல ஆண்டுகள் நகரின் சில பகுதிகளுக்குள் போகவும் வரவும் சோதனைச் சாவடிகள் இருந்தன. எனக்குச் சட்டை தைத்துக் கொடுத்த பெரியவர் ஒருவர் அப்படி ஒரு சாவடியைத் தாண்டித்தான் தினமும் கடைக்கு வருவார். சைக்கிளை நிறுத்தி, கைப்பிடியில் தொங்கும் தூக்குப்போசியைக் கழற்றி, மூடியைத் திறந்து நீட்டுவார். காவலர் குனிந்து பார்த்துத் தலையசைப்பார். அவசரத்தில் மூடி சரியாகப் பொருந்தாமல் ரசம் வழிந்து, வெள்ளை வேட்டியில் மஞ்சள் கறையோடு அவர் கடை திறந்த நாட்கள் உண்டு. அந்தக் காவலரும் சக ஊழியர் ஒருவரைப் பறிகொடுத்தவர், மேலிடத்து உத்தரவுக்கு நின்றவர்; அவர் மீது எனக்குக் குறையில்லை. ஒருநாள் நான் கேட்டபோது பெரியவர் ஊசியில் நூலைக் கோத்தபடியே, "குண்டு வெச்சவம் மேல உங்களையெல்லாம் வுட எனக்குத்தாந் தம்பி கோவம் சாஸ்தி. அவன் பண்ணிப்போட்டுப் போனதுக்கு நாந்தான தெனமும் சோத்தத் தொறந்து காட்டீட்டு இருக்கறேன்" என்றார். உங்கள் அக்கம்பக்கத்தார் அடுத்த முறை வரும்போது இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: மனித உரிமை பேசுகிறவர்கள் கடுமையான சட்டங்களை எதிர்க்கிறார்கள். தடாவும் பொடாவும் போன பிறகு தீவிரவாதிகளுக்குப் பயமே இல்லை. (சேலம், வழக்கறிஞர்)

பதில்: 1995-இல் தடா காலாவதியானது, 2004-இல் பொடா நீக்கப்பட்டது, ஆனால் அவற்றின் கூர்மை பெரும்பாலும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதன் 43டி(5) பிரிவில் பிணை வாங்குவது எவ்வளவு அரிது என்பதை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைச் சதியிலிருந்து விடுவித்தது. கோவை வழக்கில் 2007 ஆகஸ்டில் 158 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அதே தீர்ப்பில் கேரள அரசியல் தலைவர் அப்துல் நாசர் மதானி ஒன்பது ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்த பின் விடுதலையானார். பொடா மேடைப் பேச்சுக்காக வைகோ மீதும் பாய்ந்தது. சட்டம் கடுமையாக இருக்கட்டும். விசாரணை ஓராண்டுக்குள் முடியும்படியும் இருக்கட்டும். பின்னதைப் பெற்றுத் தர உங்களைப் போன்றவர்கள் வாதாடினால், முன்னதை எதிர்க்கிறவர்கள் பாதிப் பேர் குறைந்துவிடுவார்கள்.

கேள்வி: மே மாதச் சண்டையின்போது இரவெல்லாம் தொலைக்காட்சி பார்த்து, அதில் வந்ததையெல்லாம் உறவினர் குழுவில் போட்டேன். பாதி பொய் என்று பிறகு தெரிந்தது. என்ன செய்ய வேண்டும்? (உடுமலைப்பேட்டை, இல்லத்தரசி)

பதில்: கராச்சித் துறைமுகம் அழிந்தது என்பது போன்ற செய்திகளைப் பெரிய அலைவரிசைகளே அந்த இரவுகளில் சொல்லின, நீங்கள் நம்பியதில் வியப்பில்லை. அதே குழுவில், 'நான் அனுப்பிய இன்னின்னது தவறு' என்று எழுதுங்கள். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது திருப்பூர் ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சோடு எத்தனை பேர் நின்றார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அவற்றையும் யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் அடுத்தவருக்கு அனுப்பினார்.

கேள்வி: 1998 குண்டுவெடிப்பில் என் சித்தப்பா இறந்தார். அவர் கையில் இருந்த துணிப்பையைச் சித்தி இன்னமும் பீரோவில் வைத்திருக்கிறார். அந்த வழக்கின் கைதிகளை நீண்டகாலச் சிறைவாசிகள் என்று சொல்லி முன்கூட்டியே விடுவிக்கக் கேட்கிறார்கள். விடக்கூடாது என்கிறார் சித்தி. விடலாம் என்கிறான் அவருடைய மகனே. யார் பக்கம் நிற்பது? (கோவை)

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் எதுவும் எழுத முடியவில்லை. தண்டனைக் குறைப்புக்கு விண்ணப்பித்து அது பரிசீலிக்கப்படுவது ஆயுள் கைதிகளுக்குச் சட்டம் தந்த வாய்ப்பு. நீண்டகாலக் கைதிகளின் விடுதலை பற்றி ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி ஆதிநாதன் தலைமையில் தமிழக அரசு 2021-இல் ஒரு குழுவையும் அமைத்தது. மதத்தைப் பார்த்து விடுவிப்பதும் தவறு, மதத்தைப் பார்த்து மறுப்பதும் தவறு. குண்டு வைத்தவரும், வைத்தவருக்கு ஓரிரவு இடம் கொடுத்தவரும் ஒரே கணக்கில் வரக்கூடாது. ஒவ்வொருவர் கோப்பையும் தனித்தனியே பார்க்க வேண்டும். மகனின் இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மன்னிப்பது இறந்தவரின் வீட்டாருக்கு மட்டுமே உள்ள உரிமை. அதைச் சித்திக்காக நானோ, ஒரு கட்சியோ, ஓர் அமைப்போ செய்துவிட முடியாது. எந்த மேடையிலும் விடுதலை கேட்பவரும் எதிர்ப்பவரும் பேசுகிறார்கள், உங்கள் சித்தியைப் போன்றவரை யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை என்பதுதான் எனக்குள்ள பெரிய வருத்தம்.

அவர் நினைப்பதை அவர் கைப்படவே எழுதச் சொல்லுங்கள்; துணிப்பையைப் பற்றியும் எழுதட்டும். மகன் வேறு கருத்து உடையவர் என்றால் அவரும் அடியில் தன் கருத்தை எழுதிக் கையெழுத்திடட்டும். அதைப் பதிவுத் தபாலில் உள்துறைச் செயலாளருக்கு அனுப்பிவிட்டு, சித்தி சம்மதித்தால் ஒரு நகலை எனக்கும் அனுப்பி வையுங்கள்.